அப்பா பொறுக்கிக் கொடுத்த கடலை

சோதனை அறிக்கையை பெய்-ஷான் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். ‘அஃப்ளாடாக்சின்: கண்டறியப்படவில்லை.’ கடலையில் பூஞ்சை விட்டுப்போகிற நஞ்சுக்கு அதுதான் பெயர். லியாவ் வீட்டில் அந்தக் கதவில் இதற்கு முன் இடம்பிடித்த ஒரே ஆவணம், அவள் அண்ணன் குவோ-துங் எட்டாம் வகுப்பில் கணக்குக்கு வாங்கிய மதிப்பெண். அதில் ஓர் இலக்கத்தை அவனே திருத்தியிருந்தான் என்பது பிற்பாடு தெரியவந்தது. இந்தக் கதவுக்கு ராசி அப்படி.

இந்த அறிக்கைக்காகத்தான் மூன்று வாரமாக வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நவம்பரில் அப்பா ஷுவெய்-மூவின் நெஞ்சைத் திறந்து, மூன்று ரத்தக்குழாய்களைச் சரிசெய்து மூடினார்கள். கண் விழித்ததும் அவர் பேசிய முதல் வாக்கியத்தில் பெற்ற பிள்ளைகள் யாரும் இடம்பெறவில்லை. பிழைத்தால் கடல் தெய்வமான மாத்சு அம்மன் ஊர்வலத்தில் நடந்து வருகிறவர்களுக்கு மூவாயிரம் பொட்டலம் கடலை மிட்டாய் தருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். தன் வயலில் விளைந்த கடலை, தன் கையால் கிண்டிய பாகு. பிழைத்துவிட்டார். இனி மிட்டாய்தான் பாக்கி.

மூவாயிரம் பொட்டலமும் தயார். கூடத்தில் பெட்டி பெட்டியாக உத்தரம் வரை ஏறி நின்றன. தொலைக்காட்சி பார்க்க வேண்டுமானால் இரண்டு பெட்டிக்கு நடுவில் ஒரு கண்ணை மட்டும் வைத்துப் பார்க்க வேண்டும். நாளை காலை எட்டு மணிக்கு அம்மனின் பல்லக்கு அவர்கள் ஊரான யுவான்சாங் வழியாகப் போகிறது. பின்னால் நடந்து வருகிற கூட்டத்தில் தள்ளாடும் கிழவர்களும் இருப்பார்கள், தோளில் உட்கார்ந்து வரும் குழந்தைகளும் இருப்பார்கள்.

பெய்-ஷான் வேலை பார்ப்பது ஹுவெய் நகரில் உள்ள ஓர் உணவுச் சோதனைக் கூடத்தில். மற்ற நிறுவனங்கள் புத்தாண்டுக்கு ஊழியர்களுக்கு மீனும் பழமும் கொடுக்கும். இவள் நிறுவனம் வருடத்துக்கு ஒரு சோதனையை இலவசமாகச் செய்து கொடுக்கும். அந்தப் பரிசை அவள் அப்பாவின் கடலைக்குச் செலவழித்தாள்.

அண்ணி யுவே-ச்சினுக்கு அதில் உடன்பாடில்லை. சும்மா கொடுக்கிற மிட்டாய்க்கு எதற்குச் சோதனை என்பது அவள் கட்சி. இருந்தாலும் தன் பங்குக்கு இணையத்தில் ஒரு புற ஊதா டார்ச் வாங்கினாள். விஷமுள்ள கடலை அதன் வெளிச்சத்தில் மின்னும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். கிடங்கை இருட்டாக்கி அடித்துப் பார்த்ததில் அவள் நகப்பூச்சு மின்னியது, சுவர்க் காலண்டர் மின்னியது, மாமனாரின் பனியன் பந்தலுக்குப் போட்ட குழல்விளக்கு மாதிரி எரிந்தது. கடலை மட்டும் மின்னவில்லை. இந்த வீட்டில் ஆபத்தான பொருள் மாமனாரின் பனியன் ஒன்றுதான் என்று அவள் தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

டார்ச்சும் சொல்லிவிட்டது, அறிக்கையும் சொல்லிவிட்டது. ஆகவே இன்று காலை பெய்-ஷான் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது நிம்மதியாகத்தான் இருந்தாள். அந்த நிம்மதி ஏறக்குறைய நான்கு நிமிடம் நீடித்தது.

அப்பாவின் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் இருந்தது. அதில் கடலை. ஆனால் பார்க்கச் சகிக்காத கடலை. சுருங்கியது, உடைந்தது, தோல் கறுத்தது, ஓரத்தில் சாம்பல் பூத்தது. அப்பா அதிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, விழுங்கினார்.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டாள்.

“நீ ஆபீசுக்குக் கொண்டுபோனியே, அதுல கழிச்சதும்மா. வீணாக்குவானேன்னு தினம் நாலு தின்னுக்கிட்டிருக்கேன்.”

“கழிச்சதுன்னா?”

அப்பா பெருமையாக விளக்கினார். மகள் ஒரு கிலோ கடலை கேட்டதும், மீதமிருந்த ஒரே மூட்டையைப் பிரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாராம். கொழுத்தது, சிவந்தது, ஒரே அளவானது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் வைக்கிற மாதிரி.

“வெள்ளைக் கோட்டு போட்டவங்க பார்க்கப்போற கடலை. சொத்தையைக் கொடுத்தா லியாவ் வீட்டைப் பத்தி என்ன நினைப்பாங்க?”

பெய்-ஷான் கரண்டியைக் கீழே வைத்தாள். ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தாள். அதன் ராசியைப் பற்றிய சந்தேகம் தீர்ந்தது.

கிண்ணத்தை முதலில் அப்பாவின் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்திவிட்டு, அவரிடம் நிதானமாகச் சொன்னாள். இந்த நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகக் கலந்திருக்காது. ஆயிரம் கடலை நிரபராதியாக இருக்கும், ஒன்று மட்டும் மொத்த ஊருக்கும் போதுமானதைச் சுமந்துகொண்டு நடுவில் படுத்திருக்கும். அது பெரும்பாலும் இந்த மாதிரி அவலட்சணமானதாகத்தான் இருக்கும். சோதனைக்குப் போக வேண்டியது நல்ல கடலை இல்லை. உள்ளது உள்ளபடி, அழகும் அசிங்கமும் சேர்ந்த கடலை.

“அப்ப நான் அனுப்பினது?”

“அழகிப் போட்டிக்கு அனுப்பினீங்கப்பா.”

அவள் எழுந்து கிடங்குக்குப் போனாள். அரிசிக் கடையில் மூட்டையைக் குத்திப் பார்க்கிற குத்தூசி ஒன்று வீட்டில் உண்டு. அதை மூட்டையின் மேலே, நடுவில், அடியில், நான்கு மூலையிலும் குத்தி, வந்ததையெல்லாம் கண்ணால் பார்க்காமல் வாளியில் கொட்டினாள். பார்த்தால் தானும் லியாவ் வீட்டுப் பெண்தானே, கை பொறுக்க ஆரம்பித்துவிடும் என்று அவளுக்கே பயம். பிறகு மிட்டாய்ப் பெட்டிகளிலிருந்தும் அங்கொன்றும் இங்கொன்றுமாக அறுபது பொட்டலம் எடுத்தாள்.

வாளியில் இருந்த கடலை முழுவதையும் மாவாக அரைத்தாள். யுவே-ச்சினின் மிக்சி. சாராயம் கலந்த தண்ணீரில் போட்டுக் குலுக்கி, வடிதாளில் வடித்து, வந்த தெளிவில் சில சொட்டை, வேலையிடத்திலிருந்து வாங்கி வைத்திருந்த சோதனைப் பட்டையில் விட்டாள். இரண்டு கோடு தெரிந்தால் கடலை நல்லது. நஞ்சு இருந்தால் இரண்டாவது கோடு வராது.

யுவே-ச்சின் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவள் வேறு வகைக் குச்சிகளில் நிறையக் கோடு எண்ணியிருக்கிறாள். ரெண்டு கோடு வரணும்னு இந்த வீட்டில் இன்னொரு வேண்டுதலா என்று அலுத்துக்கொண்டாள்.

பத்து நிமிடம் ஆயிற்று. ஒரு கோடு அழுத்தமாக வந்து நின்றது. இரண்டாவது வருகிற அறிகுறியே இல்லை.

“கொஞ்சம் லேட்டா வருமோ?” என்றாள் யுவே-ச்சின். இந்தத் தடவை குரலில் கிண்டல் இல்லை.

பட்டை ‘இருக்கிறது’ என்று சொல்லும். எவ்வளவு என்று சரியாகச் சொல்லாது. பெய்-ஷான் கடலை மாவையும் மிட்டாய்ப் பொட்டலங்களையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஹுவெய்க்குப் பறந்தாள். மேலாளர் கூ அம்மாள் வருடத்துக்கு ஒரு சோதனைதான் இலவசம் என்பதை நினைவூட்டினார். நடந்ததைக் கேட்டபின், முதல் சோதனை கடலைக்கே நடக்கவில்லை, ஓர் அப்பாவின் மரியாதைக்குத்தான் நடந்தது, ஆகவே அது கணக்கில் சேராது என்று அவரே ஒரு விதியை உண்டாக்கி, வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கூடவே நின்றார். பெய்-ஷான் அவருக்கு நன்றி சொல்ல வாயெடுத்தாள். பேசினால் கை நடுங்கும், முதலில் வடிகட்டு என்றார்.

வடித்த சாற்றை விரல் நீளக் குழாய் ஒன்றில் விட வேண்டும். அதன் வேலை, கல்யாண மண்டப வாசலில் நிற்கும் அத்தையின் வேலை. போகிற வருகிற ஆயிரம் பேரை விட்டுவிட்டு, தன் பக்கத்துச் சொந்தத்தை மட்டும் கையைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். எண்ணெய், சர்க்கரை, நிறம் எல்லாம் கழுவிப் போய்விடும், நஞ்சு மட்டும் நிற்கும். பிறகு அதை விடுவித்து இயந்திரத்துக்குள் அனுப்பினால், வெளிச்சம் பட்டு ஒளிரும். அந்த ஒளி திரையில் ஒரு மலையாக எழும்பும். மலை இல்லாவிட்டால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

மலை எழும்பியது.

நூறு கோடிப் பங்கில் நான்கு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது எல்லை. மிட்டாயில் பத்தொன்பது இருந்தது. பாகு கலக்காத கடலையில் நாற்பத்தொன்று.

ஒரு மணிக்கு அவள் வீடு திரும்பியபோது அப்பா பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, நாளைக்குப் போட்டுக்கொள்ளும் மஞ்சள் தொப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் எண்ணைச் சொன்னாள். அவர் முதலில் வறுவலைச் சாட்சிக்கு இழுத்தார். அந்தச் சூட்டில் எந்தப் பூஞ்சை பிழைக்கும் என்றார்.

“பூஞ்சை செத்துதான்ப்பா போச்சு. குடியிருந்தவன் வீட்டைக் காலி பண்ணிட்டான். சுவத்துல அடிச்ச ஆணி அப்படியே இருக்கு.”

ஒரு பொட்டலம் தின்றால் யாரும் செத்துப்போவார்களா என்று கேட்டார். மாட்டார்கள் என்று அவளும் ஒப்புக்கொண்டாள். ஆனால் இது சத்தமில்லாமல் கல்லீரலில் போய் உட்கார்கிற சரக்கு, சின்னக் குழந்தைக்கும் ஏற்கெனவே கல்லீரல் நொந்தவர்களுக்கும் தெரிந்தே எடுத்துக் கொடுக்க முடியாது என்றாள். நாளைக்கு யார் யார் கை நீட்டுவார்கள் என்று நமக்குத் தெரியாதே என்றாள்.

அப்பா பெட்டிகளை அண்ணாந்து பார்த்தார். பிறகு, பக்கத்துப் பண்ணைப் பன்றிகளுக்காவது போடலாமா என்றார்.

“பன்னிக்கும் கல்லீரல் இருக்குப்பா.”

அவர் எழுந்து கை கழுவினார். கூடத்துச் சுவரோரம் இருந்த அம்மன் மாடத்துக்கு முன் நின்று மூன்று ஊதுவத்தி ஏற்றினார். வேண்டுதல் அம்மனுக்கும் தனக்கும் நடுவில் உள்ள விஷயம், இயந்திரம் சொன்னது இருக்கட்டும், சம்பந்தப்பட்டவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றார். வழக்கப்படி தன் பெயர், பிறந்த வருடம், வீட்டு முகவரி எல்லாம் சொன்னார். குழப்பம் வேண்டாம் என்று அஞ்சல் எண்ணையும் சேர்த்துக்கொண்டார். அம்மனிடம் குறி கேட்கிற சிவப்புப் பிறைக்கட்டை இரண்டையும் உள்ளங்கையில் ஏந்தினார். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க விழுந்தால் அம்மன் சம்மதம். இரண்டும் குப்புற விழுந்தால் மறுப்பு. இரண்டும் மல்லாக்க விழுந்தால் அவள் சிரிக்கிறாள் என்று அர்த்தம்.

மிட்டாயை நாளை கொடுக்கலாமா என்று கேட்டுப் போட்டார்.

இரண்டும் மல்லாக்க விழுந்தன.

கேள்வி சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னும் சத்தமாகக் கேட்டுப் போட்டார். மறுபடி மல்லாக்க. இரண்டு கட்டையும் தரையில் ஒன்றையொன்று பார்த்து ஆடிக்கொண்டிருந்தன.

யுவே-ச்சினுக்குப் பொறுக்கவில்லை. “மாமா, அவங்க காலையிலயே பட்டையில ஒரு தடவை, மத்தியானம் மெஷின்ல ஒரு தடவை சொல்லியாச்சு. திரும்பத் திரும்பக் கேட்டா சிரிக்காம என்ன செய்வாங்க?”

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். கட்டைகளைப் பொறுக்கி எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். தையல் போட்ட இடம் அது. இந்தத் தடவை மெதுவாகக் கேட்டார்.

“இந்தப் பொண்ணுகிட்ட நீதான் சொல்லி அனுப்பினியா?”

ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க.

உறுதிக்கு மூன்று முறை வர வேண்டும். மூன்று முறையும் வந்தது. அப்பா அப்படியே ஒரு மிட்டாய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூவாயிரம் பேருக்குக் கேடு செய்யவிருந்தவனை முதல்நாள் மத்தியானமே தடுத்துவிட்டாள், என் உயிரைக் காப்பாற்றினதைவிட இது பெரிய விஷயம் என்று சொன்னார். அம்மனுக்குச் சொன்னாரா மகளுக்குச் சொன்னாரா என்று தெளிவாக இல்லை. பெய்-ஷான் இரண்டு பேருக்குமாக வைத்துக்கொண்டாள்.

மிட்டாய்க்குப் பதில் வேறு பண்டம் கொடுக்கலாமா என்பதற்கும் சம்மதம் கிடைத்தது. தன் வயலில் விளைந்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தலாமா என்பதற்கு மட்டும் அம்மன் மறுத்துவிட்டாள். நாளைக் காலைக்குள் வயலில் எதுவும் விளைகிற வாய்ப்பில்லை. அந்தக் கவலையை ஓரமாக வைத்துவிட்டு, மூன்று பேரும் பெட்டிகளை எரிகூடத்துக்கு அனுப்ப வண்டியில் ஏற்றினார்கள். மூன்றாவது பெட்டியைத் தூக்கும்போதுதான் பெய்-ஷானுக்கு அது உறைத்தது.

“அப்பா. சாய் சித்தப்பாகிட்ட ரெண்டு மூட்டை இருக்கு.”

அப்பாவின் முகம் போன போக்கில், அவருக்கு அது முன்பே நினைவு வந்துவிட்டது என்று தெரிந்தது.

சாய் ஹோ-ஷுன் அடுத்த வயல்காரர். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இந்தக் கடலை முழுவதையும் பிடுங்கி, தோட்டப் பாதையில் பரப்பிக் காயவைத்து, மூட்டை கட்டிக் கிடங்கில் அடுக்கியவர் அவர்தான். கூலி என்ற சொல்லை எடுத்ததற்கே மூன்று நாள் பேசவில்லை. கடைசியில் பன்னிரண்டில் இரண்டு மூட்டையைச் சிவப்புக் கயிறு கட்டி, நன்றிக்கென்று அப்பா கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார்.

“அவன்கிட்ட சொல்ல வேண்டாம்மா. அவன் காயவைச்ச கடலைன்னு தெரிஞ்சா உடைஞ்சுபோயிடுவான். அவன் செஞ்சதுக்கு நான் இதையா திருப்பிச் சொல்றது?”

“அவர் தினம் காலையில கடலை சூப் குடிக்கிறவர்ப்பா.”

அப்பா கையிலிருந்த பெட்டியை வண்டியில் தள்ளிவிட்டு, சாவியை மருமகளிடம் கொடுத்தார்.

பெட்டிகளை எரிகூடத்தில் இறக்கிவிட்டு, நான்கு மணிக்கு மூவரும் சாய் வீட்டில் போய் இறங்கினார்கள். சாய் சித்தப்பா வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, முறத்தில் கடலை தோலுரித்துக்கொண்டிருந்தார். அப்பா நேரே போய், இரண்டு கையையும் தொடையில் ஒட்டிவைத்து, இடுப்பு வளைய வணங்கினார்.

“ஆ-ஷுன், உனக்கு நன்றி சொல்ல வந்தேன்.”

“போன மாசம்தானேண்ணே சொன்னே, மூட்டையோட. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போறியா?”

“இல்லடா. முதல்ல இதை முழுசாச் சொல்லி முடிச்சுக்கிறேன். அப்புறம் இன்னொண்ணு இருக்கு.”

முதலாவதை முழுசாகச் சொன்னார். நவம்பரில் விடியலில் ஆம்புலன்ஸ் கூப்பிட்டதிலிருந்து, மூட்டை வாயைத் தைத்தது வரை. சாய் சித்தப்பா காதைச் சொறிந்துகொண்டு, இதையெல்லாம் யாராவது எழுதியா வைப்பார்கள் என்று கேட்டார். இரண்டாவது வந்தபோது அப்பா மகளைப் பார்த்தார். பெய்-ஷான்தான் சொன்னாள். அப்பா பொறுக்கிய கடலை, ஒற்றைக் கோடு, நாற்பத்தொன்று.

சாய் சித்தப்பா முறத்தைக் கீழே வைத்தார். உரித்துக் கையில் இருந்த ஒரு பருப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தார்ப்பாய்,” என்றார். “மழை வருதுன்னு மூடினேன். மறுநாளே வெயில் வந்திடுச்சுன்னு கேள்விப்பட்டேன். வந்ததும் எடுத்திருக்கணும். ஈரக் கடலை உள்ள ரெண்டு நாள் வெந்திருக்கும். தெரியாதவன் இல்ல நான். ஆனா நான் இங்க இல்லையே.”

அவர் எங்கே இருந்தார் என்பது பெய்-ஷானுக்குத் தெரியும். ஜியாயி ஆஸ்பத்திரியில், அறுவை அறைக்கு வெளியே, பச்சை பிளாஸ்டிக் நாற்காலியில், அவளுக்குப் பக்கத்தில். அண்ணனும் அண்ணியும் ஒக்கினாவாவில் புயலில் மாட்டிக்கொண்டு விமானம் கிடைக்காமல் தவித்தார்கள். அந்தப் புயலின் வால்தான் இங்கே மழையாகப் பெய்தது. முதல் நாள் சாயங்காலமே அவர் புறப்பட எழுந்தார், வயலில் வேலை இருக்கிறது என்று. அவள்தான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தொன்பது வயதுப் பெண், சட்டையைப் பிடித்துக்கொண்டு, போகாதீங்க சித்தப்பா என்றாள். அவர் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார்.

காலையிலிருந்து இந்த நஞ்சு எங்கே பிறந்தது என்று தேடிக்கொண்டிருந்தவளுக்கு அது கிடைத்துவிட்டது. எந்த இயந்திரத்துக்கும் எட்டாத இடம்.

“நான்தான் உங்களைப் போக விடல,” என்றாள்.

“நீ சொல்லாட்டியும் இருந்திருப்பேன்,” என்றார் சாய் சித்தப்பா. “கடலைக்கு யாரு துணை? மனுஷனுக்குத்தானே வேணும்.”

அவள் அழுதாள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் மாதிரி எடுத்து, அரைத்து, வடித்து, எண்ணைப் படித்துக்கொண்டிருந்தவள், அந்த முறத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதாள். யுவே-ச்சின் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு, வாசலில் மேய்ந்த கோழியைக் கடுமையாகப் பார்த்தாள்.

சாய் சித்தப்பாவுக்கு அழுகை ஒத்துவராது. பேச்சை நாளைய ஊர்வலத்துக்கு மாற்றினார். சொந்த வயலில் விளைந்ததுதான் வேண்டும் என்று அம்மன் பிடிவாதம் பிடித்த கதையைக் கேட்டு, வரப்பைப் பார்த்துக் கொஞ்சநேரம் யோசித்தார். இரண்டு வயலுக்கும் நடுவே உள்ள வரப்பில், இந்தப் பக்கம் இரண்டு சால் தன்னுடையது என்று அப்பா முப்பது வருடமாகச் சொல்லி வருகிறார். இல்லை என்று சாய் சித்தப்பாவும் முப்பது வருடமாகச் சொல்லி வருகிறார். அதற்காக இருவரும் நில அளவையாளரை நான்கு முறை அழைத்து, நான்கு முறையும் அவருக்கு விருந்து வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

“அந்த ரெண்டு சால்ல சக்கரவள்ளிக் கிழங்கு முத்தி நிக்குது. உன் வயல்னு சொல்லி எடுத்துக்க. அவிச்சுக் கொடு.”

அப்பா நிமிர்ந்தார். “அப்ப அது என்னுதுன்னு ஒத்துக்கிறியா?”

“நாளைக்கு மத்தியானம் வரைக்கும்.”

வீட்டுக்குள்ளிருந்து ஒரு சிவப்புக் கயிற்று மூட்டை வந்தது. பாதி காலி. பெய்-ஷான் அதை வண்டியில் ஏற்றிவிட்டு, இரண்டாவதைக் கேட்டாள்.

மண்வெட்டியை எடுக்கப் போன சாய் சித்தப்பா நின்றார்.

“அது யா-லிங்குக்கு அனுப்பிட்டேன்.”

யா-லிங் அவர் ஒரே மகள். தைச்சுங்கில் இருக்கிறாள். குழந்தை பிறந்து இருபது நாள். பால் ஊறுவதற்குத் தினம் இரண்டு வேளை, பன்றிக்காலும் கடலையும் போட்டுக் கொதித்த சூப்.

தாய் தின்றதில் கொஞ்சம் பாலிலும் இறங்கும். இன்றைக்கே நிறுத்தினால் பயமில்லை என்றாள் பெய்-ஷான், முதலில் அவருக்காகவும் பிறகு தனக்காகவும். சாய் சித்தப்பா உடனே மகளை அழைத்தார். காது மந்தம் என்பதால் ஒலிபெருக்கியில் போட்டார். விவரத்தைச் சொன்னார். மறுமுனையில் குழந்தை சிணுங்கியது.

“யார் சொன்னாங்கப்பா இதை?”

“பெய்-ஷான்தான்மா. சோதனை பண்ணிப் பார்த்து…”

“அவளா? அப்ப இன்னைக்கு ரெண்டு கிண்ணமாக் குடிக்கிறேன்.”

தொடர்பு அறுந்தது. திரும்ப அழைத்தார். எடுக்கவில்லை.

வாசலில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. யா-லிங்கும் பெய்-ஷானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். யா-லிங்குக்கும் குவோ-துங்குக்கும்தான் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் வெற்றிலை மாற்றாத குறையாக இருந்தது. அந்த நேரத்தில் தன் தோழி யுவே-ச்சினை வீட்டுக்கு அழைத்துவந்து அண்ணனுக்கு அறிமுகப்படுத்தியது பெய்-ஷான். மீதி நடந்தது எல்லாருக்கும் தெரியும். இரண்டு வருடமாக யா-லிங் பெய்-ஷான், யுவே-ச்சின் இரண்டு பேரின் பெயரையும் வாயால் சொன்னதில்லை. இன்று சொன்ன ‘அவளா’தான் முதல்.

நேரில் போக வேண்டும் என்றாள் பெய்-ஷான். தைச்சுங் ஒன்றேகால் மணி நேரம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்விடலாம்.

வண்டிச் சாவி யுவே-ச்சினின் கையில் இருந்தது. அவள் அதைக் கொடுக்கவில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

“அண்ணி, உங்களைப் பார்த்தா அவ கதவையே திறக்க மாட்டா.”

“திறப்பா. அந்த சூப்பை என் மேல வீசறதுக்காவது திறப்பா.” யுவே-ச்சின் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். “ஒரு கிண்ணம் குறையுமில்ல. ஏறு.”